சுவரோரத்துக் கிழங்கு

டேலியாக் கிழங்கை நட்டால், முளை மண்ணுக்கு மேலே தலைகாட்டுகிற வரை ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் அழுகிவிடும். விஷயம் இவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். போன வருஷம் சீசன் முழுக்க இதைத்தான் தொண்டைத்தண்ணீர் வற்ற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு ஜீவன் காதில் வாங்கவில்லை.

எங்கள் வீடு மேலகரத்தில். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிறவர்கள் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போய்விட்டால் எனக்குச் சந்தோஷம்தான். தாண்ட மாட்டார்கள். ஆனி பிறந்து மலையில் மேகம் இறங்கி, அருவியில் தண்ணீர் விழுவதை டிவியில் காட்டிவிட்டால் போதும், வருஷம் முழுக்கப் போன் எடுக்காத சொந்தமெல்லாம் வரிசையாகச் சௌக்கியம் விசாரிக்க ஆரம்பித்துவிடும். என் வீட்டுக்காரர் இளகின மனசுக்காரர். "வாங்க, வீடு இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பர் படிக்கப் போய்விடுவார். தோசைக்கு அரைப்பது யார், ஈரப் பாயைத் தூக்கிக் காயப்போடுவது யார் என்ற கேள்வியெல்லாம் அவருக்கு வந்ததே இல்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அக்கா டேலியாக் கிழங்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அக்காவும் அத்தானும் குன்னூரில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர்கள். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் அத்தானுக்கு மெஷின் பார்க்கிற வேலை. ரிட்டயரான பிறகும் இறங்கி வர மனசில்லாமல் அங்கேயே வாடகைக்கு இருந்தார்கள். அந்த வருஷம் தை மாதம் அத்தான் போய்விட்டார். வைகாசியில் அக்கா வீட்டைக் காலி செய்துகொண்டு என்னிடம் வந்தாள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் பேச்சு. அவள் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அம்மாவுக்காகவே ஒரு அறை கூடுதலாக இருக்கிற ஃப்ளாட்டுக்கு மாறி, கட்டில் மெத்தையெல்லாம் போட்டு வைத்திருந்தான். தங்கமான பிள்ளை, குறை சொல்ல வாய் வராது.

இரண்டு பெட்டி, ஒரு சாக்கு. சாக்குக்குள் மரத்தூள், மரத்தூளுக்குள் கிழங்கு. அத்தான் வருஷா வருஷம் தோண்டி எடுத்து, காயவைத்து, மறுபடியும் நட்டு வளர்த்த டேலியா அது. அடர்ந்த மெரூன் நிறம், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூக்கும். அந்தப் பூவுக்குப் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோக்கள்தான் அவர்கள் வீட்டில் அதிகம். கொத்தாக இருந்த கிழங்கைப் பக்குவமாகக் கட்டித்தான் எடுத்து வந்திருக்கிறாள். பஸ்காரன் அதைப் பின்னால் லக்கேஜோடு தூக்கிப் போட்டு, அதன் மேல் யாரோ வெங்காய மூட்டையைப் போட்டு, தென்காசி வந்து சேரும்போது கொத்து சிதறிப் போய்விட்டது.

அவள் வந்து ஒரு வாரம் கழித்து, ஒரு சாயங்காலம் பேப்பரை விரித்து அவள் கிழங்குகளைப் பரப்பிக்கொண்டிருந்தபோது மகன் போன் பண்ணினான். எப்போ வர்றீங்க என்றுதான் முதல் கேள்வி. அக்கா கிழங்கைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"இது இங்கன முளைச்சுதுன்னா நான் சித்தி கூடவே இருந்துக்கிடுதேன். மண்ணு ஒத்துக்கிடலன்னு வையி, ஒங்கிட்ட வந்துருதேன்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. எனக்கு அக்கா வேண்டும். என் மகள் கல்யாணமாகித் துபாய்க்குப் போய்விட்டாள். வீட்டுக்காரர் என்னிடம் பேசுவதைவிட டிவியிடம் பேசுவது அதிகம். தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்த்துவிட்டு ஆறு மணிக்கு வீடு திரும்பினால், என் வாயிலிருந்து வருவதெல்லாம் அடுப்படியில் இருக்கிற பாத்திரத்தைத் திட்டுவதற்குத்தான். அக்கா வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரு ஆள் சத்தம் இருந்தது. சின்ன வயசில் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்த மாதிரி மறுபடியும் சிரிக்க ஆரம்பித்திருந்தோம். எப்படியாவது இந்தக் கிழங்கை முளைக்க வைத்துவிடுவது என்று அந்த இடத்திலேயே முடிவு பண்ணிவிட்டேன்.

முடிவு பண்ணினேனே தவிர எனக்குக் கிழங்கைப் பற்றி என்ன தெரியும்? சிறுகிழங்கு தெரியும், சேனை தெரியும். உரித்துப் பொரியல் வைக்கத் தெரியும். டேலியா அப்படி இல்லை என்று அக்கா சொன்னாள். கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தாலும் கணக்கில்லையாம். பழைய தண்டோடு அது ஒட்டியிருக்கிற கழுத்துப் பகுதியில் ஒரு முளைக்கண் இருக்க வேண்டும். கடுகு அளவுக்குச் சின்னதாக, இளஞ்சிவப்பாகப் புடைத்துக்கொண்டு இருக்கும். அதை மேல்பக்கமாக வைத்து, கிழங்கைப் படுக்கை வசமாக நட வேண்டும். கம்பை முதலில் ஊன்றிவிட்டுத்தான் கிழங்கை வைக்க வேண்டும். செடி வளர்ந்த பிறகு கம்பு ஊன்றினால் கிழங்கின் வயிற்றிலேயே குத்திவிடுவோம். அத்தான் அப்படி ஒரு தடவை குத்தி, ஒரு வாரம் தன்னையே திட்டிக்கொண்டு திரிந்தாராம்.

வீட்டுக்கு முன்னால் இருக்கிற மண்ணில் அக்கா குழி தோண்டினாள். ஆற்றுமணலும் காய்ந்த சாணி எருவும் கலந்து போட்டாள். தண்டோடு ஒட்டிக்கொண்டிருந்த மூன்று துண்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்தாள். மூன்றும் நோஞ்சான்கள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. பேப்பரில் ஒரு கிழங்கு தனியாகக் கிடந்தது, நல்ல கைக்குழந்தையின் தொடை மாதிரிக் கொழுகொழுவென்று. இதை விட்டுவிட்டு அந்த வத்தல்களை நடுகிறாயே என்று கத்தினேன். அக்கா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, சரி, இதையும் வைப்போம் என்றாள். அதை மட்டும் மற்ற மூன்றோடு வைக்காமல், வீட்டுச் சுவரோரமாக, சன்ஷேடுக்கு அடியில், மழை விழாத இடமாகப் பார்த்து வைத்தாள். என் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்து அதற்கு ராஜ உபசாரம் நடக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை.

குன்னூரில் பனிக்காலம் முடிந்து கோடை மழைக்கு முன்னால் நடுவார்களாம். இங்கே நட வேண்டுமானால் ஐப்பசி மழையெல்லாம் ஓய்ந்த பிறகுதான் சரியாக இருக்கும் என்று நானும் போனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் முளைக்கண்கள் ஏற்கெனவே புடைக்க ஆரம்பித்துவிட்டன. வயிற்றுப் பிள்ளையை அடுத்த மாசம் பிற என்று சொல்ல முடியுமா? நட்டுவிட்டோம். நட்டுப் பத்து நாள் ஆகவில்லை, சாரல் ஆரம்பித்துவிட்டது.

சாரலை வெளியூர்க்காரர்கள் கொண்டாடுவார்கள். முகத்தில் விழுந்தால் கண்ணை மூடி ரசிப்பார்கள். இங்கே குடியிருப்பவளுக்கு அது உப்பு டப்பாவில் தண்ணீர், பீரோவில் பூஞ்சணம், மூன்று நாளாகியும் காயாத உள்பாவாடை. பெருமழையாக இருந்தால் அடித்து ஓய்ந்துவிடும். இது ஓயாது. வெயில் அடிக்கும்போதே பெய்யும். மண் காயவே விடாது.

மகள் கல்யாணத்துக்கு அடித்த ஃப்ளெக்ஸ் பேனர் பரணில் கிடந்தது. அதை எடுத்து மூன்று குழிகளுக்கும் மேலே பந்தல் மாதிரிக் கட்டினேன். மாப்பிள்ளையும் பொண்ணும் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தார்கள். செங்கோட்டைக் கணவாய்க் காற்று சும்மா விடுமா? மறுநாள் காலையில் என் மருமகன் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். இறக்கிக் கொண்டுவந்து கட்டினேன். திரும்பவும் பறந்தது. நாலாவது தடவை கட்டும்போது என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, "சவத்த விடு, பூக்கடையில போயி நல்ல பூவா வாங்கிட்டு வாரேன்" என்றார். நான் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டார்.

வானத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான் தூத்துக்குடியிலிருந்து வேனில் விருந்து வந்து இறங்கியது. வீட்டுக்காரரின் சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன் முறை. அவன் பெண்டாட்டி, பிள்ளைகள், பெண்டாட்டியின் அக்கா குடும்பம், அதற்கு மேல் எனக்கு முறை தெரியாத இரண்டு பேர். விருந்தும் மருந்தும் மூணு நாள் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். அந்த ஆள் குற்றாலத்துக்குப் பக்கத்தில் குடியிருந்திருக்க முடியாது.

காலையில் ஐந்தருவி, மத்தியானம் வந்து சாப்பாடு, சாயங்காலம் மெயின் அருவி. ஒவ்வொரு தடவை குளித்துவிட்டு வரும்போதும் தலையில் எண்ணெயும் உடம்பெல்லாம் ஈரமுமாக வந்து, வேட்டி, துண்டு, சேலை எல்லாவற்றையும் எங்கே பிழிவார்கள் தெரியுமா? நேரே என் டேலியாக் குழியில். சிமெண்டுத் தளத்தில் பிழிந்தால் வழுக்குமாம், தண்ணீரும் வீணாம். செடி நட்ட இடமாகப் பார்த்துப் பிழிந்தால் செடிக்கும் ஆச்சு, துணிக்கும் ஆச்சாம். வேண்டாம் என்று முதல் நாள் சிரித்துக்கொண்டே சொன்னேன். இரண்டாம் நாள் சிரிக்காமல் சொன்னேன். கொழுந்தன் துண்டை முறுக்கிக்கொண்டே, செடிக்குத் தண்ணி விட்டா புண்ணியம்லா மைனி என்று எனக்கே உபதேசம் பண்ணினான். நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டிவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் கயிறு நிறையத் துணி காய்கிறது. சொட்டச் சொட்ட.

அவன் பெண்டாட்டி அவனுக்கு மேல். அரிசி களைந்த தண்ணீரில் நல்ல சத்து இருக்கிறது என்று தினமும் ஒரு பாத்திரம் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறாள். எனக்கு உதவி பண்ணுகிறாளாம். மங்குஸ்தான் தோலெல்லாம் எருவாகட்டும் என்று என் வீட்டுக்காரரே குழிக்குள் போட்டிருக்கிறார். பகலில் அக்கா வீட்டில்தானே இருந்தாள், அவளாவது தடுத்தாளா? கேட்டால், வந்த எடத்துல வாயாடக் கூடாதுட்டி என்கிறாள். வந்த இடமாம்! எனக்கு அதைக் கேட்க இன்னும் ஆத்திரமாக வந்தது.

ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். புளித்த வாடை அடித்தது. உட்கார்ந்து கையாலேயே மண்ணைக் கிளறினேன். மூன்றும் போயிருந்தன. விரல் பட்டதும் பழுத்த வாழைப்பழம் மாதிரி நசுங்கி, கையெல்லாம் கொழகொழவென்று ஒட்டிக்கொண்டது. ஒன்றில் மட்டும் முளை கிளம்பியிருந்தது, அரை விரல் நீளத்துக்கு. அதுவும் அடியில் கறுத்துப் போயிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் விடிகாலைக் குளியலை முடித்துவிட்டு, தலையைத் துவட்டின துண்டோடு கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான்.

என்னென்ன சொன்னேன் என்று முழுசாக இங்கே எழுத முடியாது. கூறுகெட்ட மூதி என்றது நினைவிருக்கிறது. இது வீடா சத்திரமா என்று கேட்டதும் நினைவிருக்கிறது. அடுப்பில் வைத்த இட்லி வேகும் முன்னால் வேன் கிளம்பிவிட்டது. சாப்பிடாமல் போய்விட்டார்களே, ஊரெல்லாம் சொல்வார்களே என்று என் வீட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். அப்புறம் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவர் பேசாதது எனக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் பொறுக்கவில்லை. எனக்காக நீ சொந்தத்தை அறுத்துக்கொள்ளாதே என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள். உனக்காகத்தானே செய்தேன், நீயே இப்படிச் சொன்னால் எப்படி என்று அவளிடமும் சண்டை போட்டேன்.

மிச்சம் இருந்தது சுவரோரத்துக் கிழங்கு ஒன்றுதான்.

அதற்கு நான் பார்த்த பக்குவம் என் மகளுக்குக்கூடப் பார்த்ததில்லை. சன்ஷேடு ஓரமாக வடிகிற தண்ணீர் தெறிக்காமல் ஓடு வைத்து மறைத்தேன். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் அங்கேதான் போய் நிற்பேன். ஆடி முழுக்க ஒன்றும் இல்லை. பதினெட்டாம் பெருக்குக்கு ஊரில் எதை நட்டாலும் முளைக்கும் என்பார்கள், இது அசையவில்லை. பொறுக்க முடியாமல் விரலை மண்ணுக்குள் விட்டுத் தொட்டுப் பார்ப்பேன். கல் மாதிரி இருக்கும். அழுகவில்லை என்று நிம்மதி ஒரு பக்கம், முளைத்துத் தொலையேன் என்று எரிச்சல் ஒரு பக்கம். ஆவணியும் போய்விட்டது. சீசனும் முடிந்தது, ரோட்டோரத்து பஜ்ஜிக் கடைகளைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். கிழங்கு மட்டும் போட்டது போட்டபடி கிடந்தது.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மகன் கூப்பிடுவான். அக்கா ஒரே பதிலைத்தான் சொல்வாள். இன்னும் முளைக்கவில்லை, ஆனால் அழுகவும் இல்லை, என்னவென்று பார்த்துவிட்டு வருகிறேன். அதற்குள் அவன் பொறுமையும் போய்விட்டது. ஒருநாள் எனக்குத் தனியாகப் போன் பண்ணி, ஒரு கிழங்கு முளைக்க இத்தனை மாசமா ஆகும் சித்தி என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. ஆனால் எனக்கு என்னவோ என்னையே குறை சொன்ன மாதிரி சுருக்கென்றது.

அன்றைக்கு மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். யாரோ வெள்ளைக்காரி, கையில் கிழங்கை வைத்துக்கொண்டு கழுத்தைக் காட்டினாள். கழுத்து முறிந்து கண் இல்லாமல் போன கிழங்கை ஒதுக்கித் தூரப் போட்டாள். எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது முளைக்காது, எத்தனை வருஷம் ஆனாலும் முளைக்காது என்றாள். முதல் நாளே அக்கா சொன்னதுதானே இது! காது கேட்டது, மண்டைக்குள் போகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா தென்காசிப் பெரிய கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, மறைத்து வைத்திருந்த ஓட்டை நகர்த்திவிட்டுத் தோண்டினேன். கிழங்கு கொஞ்சம் சுருங்கியிருந்தது, மற்றபடி அப்படியே இருந்தது. குழாயடியில் மண்ணைக் கழுவிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கழுத்தே இல்லை. சுத்தமாக முறிந்து, முறிந்த இடம் காய்ந்து தழும்பாகியிருந்தது. கையில் கிழங்கோடு நான் நிற்கும்போதே அக்கா விபூதி நெற்றியோடு உள்ளே வந்தாள்.

"இதுல கண்ணே இல்லையேக்கா" என்றேன்.

"இல்ல."

"ஒனக்குத் தெரியுமா?"

"நடும்போதே தெரியும்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. ஃப்ளெக்ஸ் கட்டினதும், கொழுந்தனை விரட்டினதும், ஊரில் பேர் கெட்டதும், மூன்று மாசமாகக் காப்பியோடு காவல் நின்றதும் எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்துவிட்டன. பிறகு எதற்கு நட்டாய், என்னைப் பைத்தியக்காரி ஆக்கவா என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினேன். அக்கா கத்தவில்லை. என் கையிலிருந்து கிழங்கை வாங்கி, முந்தானையால் துடைத்தாள்.

"கண்ணு இல்லாதது முளைக்காது. காஞ்ச எடத்துல கெடந்தா லேசுல அழுகவும் செய்யாது. அது மண்ணுக்குள்ள கெடக்குத வரைக்கும் நான் இங்கன இருக்கலாம்லா."

"இருக்கணும்னா, இருக்கேன்னு வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?"

"பெத்த பிள்ள ரூம் போட்டு வச்சிக்கிட்டுக் கூப்பிடுதான். வரமாட்டேன்னு எந்த வாயால சொல்ல? நீயாவது சொல்லுவன்னு பாத்தேன். வந்த நாள்லேருந்து கெழங்கு முளைச்சுதா, கெழங்கு முளைச்சுதான்னுதான் கேக்குத. அக்கா நீ இருன்னு ஒரு வார்த்த சொன்னியாட்டி?"

அவள் குரல் உயரவே இல்லை. வாய் அடைத்து நான் நின்றது என் வீட்டுக்காரருக்கே அதிசயமாக இருந்திருக்க வேண்டும், டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

அப்போது அக்காவின் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை, அவன் கூப்பிடுகிற நேரம். அவள் எடுக்கவில்லை. கிழங்கை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு எடுத்தேன்.

"சித்தி, கிழங்கு முளைச்சிருச்சா?" என்றான் எடுத்த எடுப்பிலேயே.

"இல்லலே. முளைக்கவும் செய்யாது" என்றேன். என் குரல் எனக்கே சண்டை பிடிக்கிற மாதிரித்தான் கேட்டது, வேறு மாதிரி எனக்குப் பேச வராது. "ஆனா ஒங்க அம்மைய நான் அனுப்ப மாட்டேன். எனக்கு அவ வேணும்."

அம்மாகிட்ட குடுங்க சித்தி என்றான். போனை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"நீயே பேசு" என்றாள். "அதயே இன்னொரு தடவ சொல்லு."